தலை குனிந்து குடித்த தண்ணீர்

கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு நோய் வந்திருப்பதை நான் அறிந்தது அங்கேதான்.

முந்தைய நாளிலிருந்தே பாதங்கள் மதமதவென்று இருந்தன. வெகுநேரம் சம்மணமிட்டுப் படித்ததால் மரத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழ வேண்டும் என்று நினைக்கிறேன், தொடைகள் அசையவில்லை. வலி எதுவும் இல்லை. வலித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சுவரில் இருந்த குழாயைப் பிடித்து எழப் பார்த்தேன். விரல்கள் குழாயைச் சுற்றி வளைந்தன, ஆனால் இறுகவில்லை.

வெளியே அம்மாவின் குரல் கேட்டது.

"சுகந்தி, எவ்ளோ நேரம்டி? இட்லி ஆறுது."

"அம்மா, என்னால எந்திரிக்க முடியல."

"காலு மரத்துருக்கும். ஒதறிட்டு எந்திரி."

"இல்லம்மா. காலே இல்லாத மாதிரி இருக்கு."

அம்மா கதவை அசைத்துப் பார்த்தாள். உள்ளங்கையால் இடித்து இடித்துத் தாழ்ப்பாளை நகர்த்தினேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மா, நான் இருந்த நிலையைப் பார்த்து முதலில் செய்தது என் பாவாடையை இழுத்து முழங்காலை மூடியதுதான். அதன் பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்போது நான் சென்னையில் ஆக்குபேஷனல் தெரபி கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த விடுமுறையில், அம்மாபேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். அந்தப் படிப்பை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கல்லூரியில் எல்லோரும் சொல்வதுபோல 'ஓ.டி.' என்று சொன்னால், "ஆபரேஷன் தியேட்டர்லயா வேல?" என்று கேட்பார்கள். அப்பா தன் பங்குக்கு, "கை கால் வராதவங்களுக்குப் பயிற்சி குடுக்குற டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லி முடித்துவிடுவார். நோயாலோ விபத்தாலோ உடம்பு முடங்கியவர்கள் சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, சமைப்பது என்று தங்கள் அன்றாடக் காரியங்களைத் திரும்பத் தாங்களே செய்யப் பழக்குவதுதான் அந்தத் துறை. கேட்பவர்களுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். முதலாண்டில் எங்களுக்கே அப்படித்தான் தோன்றியது.

ஒரு வகுப்பில் எங்கள் பேராசிரியை, தண்ணீர் குடிப்பதைப் படிப்படியாகப் பிரித்து எழுதச் சொன்னார். எல்லோரும் நாலைந்து வரி எழுதினோம். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "விழுங்கும்போது மூச்சை நிறுத்துறீங்களே, அத யாருமே எழுதலையே?" என்றார். நாங்கள் எச்சிலை விழுங்கிப் பார்த்தோம். உண்மைதான். விழுங்கும் கணத்தில் மூச்சு தானே நின்று, தானே தொடங்குகிறது. வகுப்பே சிரித்தது. இத்தனை வருஷமாக நமக்குத் தெரியாமல் நமக்குள் இப்படி ஒன்று நடக்கிறதே என்ற வேடிக்கை.

ஆட்டோவில் தஞ்சாவூர் போகும்போது அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் குறுவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வருவதற்கு முன் விடுதியில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து போனது நினைவுக்கு வந்தது. அந்த நினைவோடு பாடப்புத்தகத்தின் ஒரு பக்கமும் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கத்தை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். பாதத்தில் தொடங்கும், மேலே ஏறும், சிலருக்கு மூச்சுத் தசைவரை போகும். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. கால்களை அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நரம்பியல் மருத்துவர் என் முழங்காலுக்குக் கீழே சிறிய ரப்பர் சுத்தியலால் தட்டினார். ஆரோக்கியமானவர்களுக்குக் கால் துள்ளும். என் கால் தொங்கியபடியே இருந்தது. இன்னொரு முறை தட்டினார்.

"என்னம்மா படிக்கிற?"

சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அப்ப உனக்கே ஒரு யோசனை இருக்கும்."

"ஜி.பி.எஸ்.ஸா சார்? ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி வயித்துப்போக்கு இருந்துச்சு."

"அப்படித்தான் தெரியுது. டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்குவோம்."

கியான்-பரே நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று அதற்குப் பெயர். அப்பா கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "அப்படின்னா என்னங்க சார்?" என்று கேட்டார்.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "வயித்துல ஒரு கிருமி வந்துச்சு. அத அடிக்க உடம்பு ஆள் அனுப்புச்சு. கிருமி போயிடுச்சுங்க. ஆனா அனுப்புன ஆள் நிக்காம, நரம்பு மேல இருக்க உறையப் போட்டுக் கடிக்குது. முக்காவாசிப் பேரு எந்திரிச்சு நடந்துடுவாங்க. ஆனா எறங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஏறும். அந்த நேரத்தத் தாண்டணும்."

என்ன ஏறும் என்று அப்பா கேட்கவில்லை. வயித்துல வந்தது காலுக்கு எப்படிப் போச்சு என்றுதான் கேட்டார். எனக்கு என்ன ஏறும் என்று தெரியும். ஆற்றில் வெள்ளம் வரும்போது படித்துறையில் ஒவ்வொரு படியாக மூழ்குவதைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது படித்துறை என் உடம்பு.

முதுகுத் தண்டில் ஊசியிட்டு நீர் எடுத்தார்கள். கைகால்களில் சிறு மின்சாரம் பாய்ச்சி நரம்பின் வேகம் பார்த்தார்கள். நோய் உறுதியானது. இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ரத்தக்குழாய் வழியாக ஏறத் தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள்.

அங்கே தினமும் ஒரு சோதனை உண்டு. ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ண வேண்டும். மூச்சுத் தசை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை அதிலிருந்து அறிவார்கள். முதல் நாள் நன்றாகவே எண்ணினேன். மறுநாள் அந்த எண்ணுக்கு முன்னாலேயே மூச்சு தீர்ந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் முன்னால். பயத்தில் வேகவேகமாக எண்ண ஆரம்பித்தேன்.

"மெதுவா எண்ணும்மா" என்றார் மருத்துவர். "என்னைய ஏமாத்திட்டா உனக்கு என்ன லாபம்?"

அன்று சாயங்காலம் ஒரு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் கட்டிலருகே நிறுத்தினார்கள். வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி). மாட்டவில்லை, தேவைப்படலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். மின்சாரம்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் நான் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கே நின்றது. என்னுடைய முறைக்காகக் காத்திருக்கும் ஆள்போல.

மாட்டுவார்களா என்று ஒரு செவிலியரிடம் கேட்டேன். "நீ மூச்சு விடுற வரைக்கும் மாட்ட மாட்டோம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு மூச்சையும் கவனித்து விட ஆரம்பித்தேன். கவனிக்கத் தொடங்கினால் மூச்சு எவ்வளவு கடினமான வேலை என்பது தெரியும். இதே நோயோடு இப்போது படுத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன்: மூச்சைக் காவல் காக்காதீர்கள். அதற்காகத்தான் அங்கே அத்தனை பேர் இருக்கிறார்கள். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மிக மோசமான நாள் அதன் பின் வந்தது. காலையிலிருந்து என் பேச்சு மூக்கால் வந்தது. சளி பிடித்திருக்கிறது என்று அம்மா நினைத்தாள். பார்வை நேரத்தில் வந்து என் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன்.

எங்கள் வீட்டில் யாரும் தம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. எச்சில். அண்ணாந்து, உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வோம். அம்மா என் தலையைத் தூக்கிப் பின்னால் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கொஞ்சமாகத்தான் ஊற்றினாள். தண்ணீர் தொண்டைக்குப் போனது. விழுங்கு என்றேன் எனக்குள். தொண்டை விழுங்கவில்லை. மூச்சும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டன.

இரும முடியவில்லை. இருமுவதற்கும் தசை வேண்டும். கண்ணில் நீர் முட்ட, வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரியவில்லை. தலையைத் தட்டினாள். "யாரோ நெனைக்கிறாங்கடி" என்றாள். பிறகு என் உதட்டின் நிறத்தைப் பார்த்தாள்.

அம்மா போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். செவிலியர்கள் ஓடி வந்து என்னைப் புரட்டி, குழாய் விட்டு உறிஞ்சினார்கள். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவு மூடுவதற்கு முன் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். தம்ளர் இன்னும் அவள் கையில் இருந்தது.

மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் பொருத்தினார்கள். கஞ்சியும் மருந்தும் அதன் வழியே போயின. வாயில் எதுவும் படக் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டினார்கள். அம்மாவுக்கு அந்த எழுத்து தன்னைப் பற்றியது. அடுத்த நாள் வந்தவள் கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். என்னைத் தொடவில்லை.

"பக்கத்துல வாம்மா" என்றேன், மூக்கால்.

"இங்கயே நிக்கிறேன்" என்றாள்.

பிறகு ஒருநாள், ஏறுவது நின்றது. மூச்சின் எண் நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நின்றது. மறுநாள் ஒன்று கூடியது. வென்டிலேட்டரை வேறு கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போன சத்தத்தைக் கேட்டு நான் மகிழவில்லை. யாருக்குப் போகிறது என்று நினைத்தேன்.

நோய் நின்றாலும் கைகள் திரும்பவில்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு என் பயம் இடம் மாறியது. செத்துப்போவேன் என்பது போய், இப்படியே இருப்பேன் என்பது வந்தது. விரல்கள் போர்வை மேல் கிடக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இந்த விரல்களால்தான் பிறருக்குப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பதாக இருந்தேன்.

அங்கே ரோஸ்லின் மேடம் வந்தார். அந்த மருத்துவமனையின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். நானும் அவர் படித்த படிப்பையே படிக்கிறேன் என்று தெரிந்தும் அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. என் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார்.

"மொதல்ல எது உனக்குத் திரும்ப வரணும்?"

இந்தக் கேள்வியை எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நடக்கணும் என்று சொல்வார்கள், எழுதிக்கொள்ளுங்கள் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்லப் போனேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் டீ வாங்கப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. போன பிறகு சொன்னேன்.

"கழுவிக்கணும் மேடம். நானே."

அவர் உச்சுக்கொட்டவில்லை. "சரி. அதுக்கு என்னென்ன வேணும்? சொல்லு, பாப்போம். படிச்சவதான?"

கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். எடையை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். வலது கை சுவரில் இருக்கும் கம்பியை விடாமல் பிடிக்க வேண்டும். இல்லை, வலது கைதானே குவளையில் மொண்டு ஊற்ற வேண்டும்? அப்படியானால் கம்பியை எதால் பிடிப்பது? இடது கை பின்னால் போக வேண்டும். மணிக்கட்டு திரும்ப வேண்டும். கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிய வேண்டும். சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு படியிலும் என்னிடம் இல்லாத ஒரு தசை இருந்தது. மூன்று வயதில் கற்றுக்கொண்டு, அதன் பிறகு ஒருமுறைகூட நினைத்துப் பார்க்காத காரியம்.

"பயமா இருக்கா?" என்றார்.

"ஆமா மேடம்."

"இருக்கட்டும். கம்பிலேர்ந்து ஆரம்பிப்போம்."

அதன் பிறகு நாட்கள் ஒன்றுபோல இருந்தன. உட்கார வைப்பார், சாய்வேன், நிமிர்த்துவார். குவளையின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினார். முதலில் வெறுங்குவளை. பிறகு அடியில் கொஞ்சம் தண்ணீர். இடுப்பருகே கொண்டு வருவதற்குள் கீழே போட்டுவிடுவேன். தண்ணீர் தரையில் பரவும். அவர் துடைப்பார். திரும்ப நிரப்புவார்.

விழுங்கும் பயிற்சியும் தொடங்கியது. நாக்கை அசைப்பது, குரலை ஏற்றி இறக்குவது. தொண்டை அசைவைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, வாய் வழியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். கெட்டித் தயிர் ஒரு சிறு கரண்டி. அது பரவாயில்லாமல் இறங்கியது. கெட்டியான பொருள் மெதுவாகப் போகும். தொண்டைக்கு யோசிக்க நேரம் இருக்கும். தண்ணீர் அப்படி இல்லை. எல்லாவற்றிலும் எளிது என்று நாம் நினைக்கும் தண்ணீர்தான் விழுங்கக் கடினமானது.

தண்ணீருக்கான நாள் வந்தபோது ரோஸ்லின் மேடம் அம்மாவைக் கூப்பிட்டார். "நீங்க குடுங்க."

அம்மா பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் வேணாங்க. நீங்களே குடுங்க. என் கையால வேணாம்."

"வீட்டுக்குப் போனா நீங்கதானங்க குடுக்கணும். நான் பக்கத்துல நிக்கிறேன். இழுக்கிற குழாய் இங்கயே இருக்கு."

அம்மா வந்தாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தம்ளர். ரோஸ்லின் மேடம் சொல்லிக்கொடுத்தார். தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. முகவாய் மார்பைத் தொடுவதுபோலக் குனிய வேண்டும். அப்படிக் குனிந்தால் மூச்சுக்குழல் ஒடுங்கும், தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகும். தம்ளரில் வாய் வைத்து ஒரு வாய் மட்டும் உறிஞ்சி, நிறுத்தி, விழுங்க வேண்டும்.

"எச்சி பண்ணியா குடிக்கிறது?" என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அவள் வாயில் அதுதான் வந்தது.

குனிந்தேன். எவர்சில்வர் விளிம்பு உதட்டில் பட்டது. தண்ணீர் நாக்கில் நின்றது. விழுங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கண் என் உதட்டையே பார்த்தது. நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறாள். துப்பிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை தானாக ஏறி இறங்கியது. மூச்சு நின்றது, தொடங்கியது. இருமல் வரவில்லை.

"போயிடுச்சா?" என்றாள் அம்மா.

"போயிடுச்சும்மா."

அவள் தம்ளரைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். என்னைப்போலவே குனிந்து, அதே விளிம்பில் வாய் வைத்து, மீதியைக் குடித்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பியபோது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. அந்தப் பருவம் அப்பா குத்தகை நிலத்தில் நேரம் தவறி நடவு செய்திருந்தார். கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதற்கு நாற்காலியின் நடுவில் துளை அறுத்து வைத்து, சுவரில் குறுக்காகக் கம்பி பதித்திருந்தார். கம்பியில் அவரே தொங்கிப் பார்த்து, "தாங்கும் பாப்பா" என்றார்.

மருத்துவமனையில் இருந்த கட்டுப்பாடு வீட்டில் இல்லை. அம்மா எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்கினாள். சோறு பிசைந்து ஊட்டினாள். தலை வாரினாள். நான் பொத்தானைத் துளைக்குள் தள்ளத் திணறும்போது வந்து, நொடியில் போட்டுவிட்டுப் போனாள். முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. பிறகு அதிலிருந்து ஒரு பயம் கிளம்பியது. நான் செய்யாத ஒவ்வொரு காரியமும் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. நாளைக்குக் கேட்டால் கிடைக்காது.

ஒருநாள் நைட்டியின் மேல் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் உணர்ச்சி இல்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் தள்ள வேண்டும். பாதி நுழைந்திருந்தது. அம்மா வந்து என் கையை விலக்கி, போட்டுவிட்டாள்.

"விடும்மா!" என்று கத்தினேன். "நான் போட்டுக்கிட்டு இருந்தேன்ல!"

"அதுக்கு ஏன்டி இப்படிக் கத்துற? ஒரு பொத்தான்தான?"

"அது உனக்கு ஒரு பொத்தான்!"

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "நீ தடுமாறுறதப் பாக்க முடியலடி. அன்னிக்கும் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்? ஒண்ணும் பண்ணாமப் பாத்துக்கிட்டே நின்னா, அன்னிக்கு மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. நான் வேற என்னதான் பண்றது?"

நோயாளி தானே செய்ய வேண்டும், குடும்பத்தார் அவசரப்பட்டு உதவக் கூடாது என்று நாங்கள் வகுப்பில் படித்தோம். பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதும் ஒருவர் பழக வேண்டிய வேலைதான், அதற்கும் பயிற்சி வேண்டும் என்பது அன்று வீட்டில்தான் தெரிந்தது. என் பொத்தானைப் போடுவது அம்மாவுக்குத் தன் பயத்தை அடக்கும் வழியாக இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டால் அவள் கைக்கு வேறு ஏதாவது வேண்டும்.

"எதிர்ல உக்காந்து வெங்காயம் உரிம்மா" என்றேன். "நான் கூப்பிட்டா மட்டும் வா."

சிரிக்கக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் நடந்தது. நான் சட்டை போடுவேன். அவள் கண்ணைத் தூக்காமல் உரித்துக்கொண்டிருப்பாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் தினமும் சின்ன வெங்காயச் சாம்பார்தான். அப்பா ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

கழிப்பறைக் கதவை ஒருநாள் என் பின்னால் சாத்தச் சொன்னேன். வெளியே அம்மா நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. கம்பியை முழங்கையால் அணைத்துக்கொண்டேன்; ரோஸ்லின் மேடமும் நானும் கண்டுபிடித்த வழி அது. குவளையில் பாதி சிந்தியது. நேரம் ஆனது. முடித்துவிட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒருநாள் நான் வாசல்வரை நடந்து காட்டியபோது தெருவே வந்து பார்த்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் நான் மறுபடி மனுஷியானது அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

இத்தோடு முடிந்தது என்று எழுத ஆசைதான். கார்த்திகையில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பாதங்களில் மதமதப்பு திரும்ப வந்தது. ஊசி குத்துவதுபோல. கணுக்கால்வரை. எழுந்து நிற்க முயன்றேன், கால் துவண்டது. அம்மாவைக் கூப்பிட வாயெடுத்து, அதற்கு முன் ஆழமாக மூச்சிழுத்து முணுமுணுப்பாக எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை குறைகிறது என்று தோன்றியது. இந்த நோய் சிலருக்குத் திரும்ப வரும் என்று படித்திருந்தேன்.

ஊர்ச் சாலையில் வாய்க்கால் உடைந்து தண்ணீர் ஓடியது. ஆட்டோ வராது என்றார்கள். அப்பா பக்கத்து வீட்டு டிராக்டரை வாங்கிக்கொண்டு வந்தார். தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அம்மா என்னை மடியில் போட்டிருந்தாள். டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கும்போது, இந்த முறை நான் தாண்ட மாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. முதல் தடவை எனக்கு இருந்தது பாடப்புத்தகத்தின் பயம். இப்போது எல்லாமே தெரியும். இயந்திரம் எங்கே நிற்கும், அம்மா எப்படிக் கத்துவாள் என்பது உட்பட.

அதே மருத்துவர், அதே ரப்பர் சுத்தியல். தட்டினார். கால் லேசாகத் துள்ளியது.

"பாத்தியா?" என்றார். "இது திரும்பி வர்றது இல்ல. நரம்பு வளருது. வளரும்போது இப்படித்தான் ஊசி குத்தும். ரெண்டு நாளா என்ன பண்ணுன?"

வீடு முழுக்கப் பெருக்கினேன், துணி துவைத்தேன், மாடிப்படி ஏறி இறங்கினேன் என்று சொன்னேன். எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்ற வெறியில்.

"ஒரு வருஷத்துக்கு உன் உடம்பு கொஞ்சமாத்தான் படியளக்கும். கெடைக்கிறத வச்சுப் பிரிச்சு வேல செய். நீ மத்தவங்களுக்குச் சொல்லப் போறவ. உனக்குச் சொல்லிக்க மாட்டியா?"

ஓர் ஆண்டு தள்ளித் தேர்வு எழுதினேன். பேனாவைத் தடிமனாக்கிக்கொண்டு எழுதினேன். இப்போது தஞ்சாவூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் நடக்க வேண்டும் என்றுதான் முதலில் சொல்கிறார்கள். எழுதிக்கொள்கிறேன். பிறகு உடன் வந்தவர் வெளியே போகும்வரை காத்திருந்து, மறுபடி கேட்கிறேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. போகவில்லை. வயிறு கொஞ்சம் கலங்கினாலும் அடுத்த சில வாரங்களுக்கு என் கால்களை நம்ப மாட்டேன். ஆனால் முன்பு பயம் என்பது வரப்போகிற ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருந்தது. இப்போது அது கையிலிருக்கும் வேலைக்குள் இருக்கிறது. நோய்க்கு முன் ஒரு நாள் என்பது காலையும் மாலையுமாக மொத்தமாகக் கழியும். இப்போது சட்டை போடுவதற்கு ஒரு நேரம், சோறு பிசைவதற்கு ஒரு நேரம் என்று ஒவ்வொன்றும் தனக்கான நீளத்தோடு வருகிறது. எதையும் தாண்டிக் குதித்துப் போக முடிவதில்லை. போக விரும்பவும் இல்லை.

என் உள்ளங்காலில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. திரும்பாமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். காலையில் பழைய பேருந்து நிலையத்தில் பேருந்து நிற்கும்போது, பின்னால் கூட்டம் நெருக்கும். "சீக்கிரம் எறங்கும்மா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று யாராவது சொல்வார்கள். நானும் வேலைக்குத்தான் போகிறேன். ஆனால் கடைசிப் படியில் நின்று, கீழே பார்க்கிறேன். கால் தரையைத் தொட்டுவிட்டதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கம்பியை விடுகிறேன்.